குளியலறைச் சுவரும் கொழும்பின் சமூக வரலாறும்: கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

கொழும்பு நகரின் கட்டிடங்கள் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை முன்புறத்தைப் பற்றியனவே. 1749இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வூல்வெண்டால் தேவாலயம், கொட்டாஞ்சேனைப் பகுதியின் பொன்னம்பலவாணேசர் கோயில், புனித லூசியா பேராலயம் ஆகியன பற்றி நூல்கள் உண்டு, கட்டுரைகள் உண்டு. கறுவாத்தோட்டத்து மாளிகைகளின் தூண்களும் வளைவுகளும் படமாக்கப்பட்டுள்ளன. வீட்டின் பின்புறத்தில், சமையற்கூடத்துக்கு அப்பால் ஒதுக்கப்பட்டிருந்த குளியலறையைப் பற்றி எழுதுவதற்கு யாரும் முன்வரவில்லை. எழுதத் தகுந்த பொருளாக அது கருதப்படாமையே காரணம் எனலாம். ஆயினும், மனிதர் தம் உடலை எங்கே கழுவினர், எத்தகைய மறைப்பினுள் கழுவினர், அக்கழிவு நீரை யார் அகற்றினர் என்னும் வினாக்களுக்கு விடை காணாது ஒரு நகரின் சமூக வரலாற்றை எழுத முடியாது என்பது எமது கருத்து.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒரு விடயம்: குளியலறைச் சுவரில் பீங்கான் ஓடு பதிப்பதற்கு முன்னர் செய்யப்படும் கணிப்பு. ஓடு எவ்வளவு உயரம் வரை செல்ல வேண்டும், முதல் ஓட்டை எங்கே வைக்க வேண்டும், முழு ஓடு எங்கே வரும், வெட்டுத்துண்டு எங்கே ஒதுங்கும் என்னும் முடிவுகள் ரசனை சார்ந்தன போலவே தோன்றும். அவற்றைக் கொழும்பின் நீர் விநியோகம், கழிவகற்றல், அந்நியச் செலாவணிக் கொள்கை, சொத்துடைமைச் சட்டம், சாதியடிப்படையிலான உழைப்புப் பிரிவினை ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கின்றது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'ஓடு' என்றால் கூரை ஓடே முதலில் நினைவுக்கு வரும். கொழும்புப் பேச்சில் இது 'டைல்ஸ்'. வடபகுதியிலிருந்து வந்தோர் 'மாபிள்' என்றும் சொல்வர், சலவைக்கல்லுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாதபோதிலும். 'சுவரோடு' என்று புணர்த்தி எழுதினால் பொருளே மாறிவிடும். எனவே இங்கு நாம் பீங்கான் ஓடு என்றே வழங்குகின்றோம். அதைப் பதிப்பவரைக் கொழும்பில் யாவரும் 'பாஸ்' என்றே அழைப்பர். எசமான் என்னும் பொருள்தரும் ஒல்லாந்தச் சொல் இது. சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் தொழில்தெரிந்த கைவினைஞருக்கு உரிய விளிப்பெயராக இச்சொல் நிலைத்துவிட்டது. எசமானைக் குறித்த சொல் உழைப்பாளியின் பெயராகியமை கவனிக்கத்தக்கது.

சுவரின் கணக்கு

பாஸின் வேலை சாந்து குழைப்பதிலிருந்து தொடங்குவதன்று. அவர் முதலிற் செய்வது தூக்குக்குண்டை விட்டுச் சுவர் நேராக நிற்கின்றதா என்று பார்ப்பதும், நீர்மட்டக் குழாயைக் கொண்டு சுவர்கள் நான்கிலும் ஒரே மட்டத்தில் கோடு இழுப்பதுமாகும். அதன்பின் ஒரு நேரான சட்டத்தில் ஓட்டின் அளவையும் பொருத்து இடைவெளியையும் மாறி மாறிக் குறித்துக்கொண்டு, அச்சட்டத்தைச் சுவரில் வைத்து எத்தனை ஓடு கொள்ளும் என்று எண்ணுகின்றார். சுவரில் ஓர் ஓடேனும் ஏறுமுன்னரே முழுச் சுவரும் அவர் மனத்தில் பதிந்து முடிந்துவிடுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அகலம் 5 அடி 3 அங்குலம், அதாவது 63 அங்குலம் உடைய சுவர் ஒன்றைக் கொள்வோம். ஓடு 6 அங்குலச் சதுரம். கணக்கின் எளிமைக்காகப் பொருத்து இடைவெளியை விட்டுவிடுவோம். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் 10 முழு ஓடுகள் 60 அங்குலத்தை நிரப்பும்; மறுமூலையில் 3 அங்குலத் துண்டு ஒன்று எஞ்சும். சுவரின் நடுக்கோட்டில் இரண்டு ஓடுகளின் பொருத்து வருமாறு தொடங்கினால், இருபுறமும் ஐந்து ஐந்து ஓடுகள் போக, இரு மூலைகளிலும் ஒன்றரை அங்குலக் கீற்றுகள் வேண்டும். இவ்வளவு மெல்லிய கீற்றை ஒழுங்காக வெட்டுவது கடினம். வெட்டினாலும் சாந்தைப் பிடித்து நிற்பதற்குப் போதிய பரப்பு அதற்கு இல்லை. நடுக்கோட்டின் மேல் ஓர் ஓட்டின் நடுப்பகுதி அமையுமாறு தொடங்கினால், 9 முழு ஓடுகள் 54 அங்குலத்தைக் கொள்ள, இருபுறமும் நாலரை அங்குலத் துண்டுகள் வரும். அரை ஓட்டுக்குக் குறைந்த துண்டு சுவரில் வரக்கூடாது என்பது தொழிலின் விதி. இம்மூன்றாவது முறையே அவ்விதிக்கு இயைவதும், கண்ணுக்குச் சமனாகத் தோன்றுவதும் ஆகும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முதல் முறையில் ஓர் ஓட்டை நடுவே வெட்டினால் இரண்டு வரிகளுக்கான துண்டுகள் கிடைத்துவிடும். வரிக்குப் பத்தரை ஓடு போதும். மூன்றாவது முறையில் நாலரை அங்குலத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு ஓடு செலவாகும். வரிக்கு 11 ஓடு வேண்டும். ஏழடி உயரத்துக்கு 14 வரிகள் என்றால், முன்னதற்கு 147 ஓடுகளும் பின்னதற்கு 154 ஓடுகளும் தேவைப்படும். ஒரு சுவரில் மட்டும் வேறுபாடு ஏழு ஓடு. ஓடு பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் காலத்தில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எண்ணி எண்ணி வாங்கிய காலத்தில் இதுவே வீட்டுக்காரருக்கும் பாஸுக்கும் இடையிலான வழக்காகிவிடும். மூலையிலிருந்து தொடங்கப்பட்ட பழைய சுவரைக் காணும்போது அதைப் பாஸின் திறமையின்மை என்று முடிவுகட்டுதல் தவறு. பற்றாக்குறைக் காலத்தின் சிக்கனமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

நிலைக்குத்துக் கணக்கு இன்னும் நுட்பமானது. குளியலறைத் தரை மட்டமாக இருப்பதில்லை. நீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டுமாதலால் அடிக்குக் கால் அங்குலம் அளவில் சரித்து அமைக்கப்படும். மேற்கூறிய சுவரின் அடியில் இச்சரிவு ஒரு முனைக்கும் மறுமுனைக்குமிடையே ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலமாகிவிடும். தரையிலிருந்து ஓடு பதித்துக்கொண்டு போனால் சரிவும் கூடவே மேலேறும். ஆகவே பாஸ் அடிவரியை விட்டுவிட்டு, மட்டமாக அறையப்பட்ட ஒரு சட்டத்தின்மேல் இரண்டாவது வரியிலிருந்து தொடங்குகின்றார். சாந்து இறுகிய பின்னர் சட்டத்தைக் கழற்றி, சரிவுக்கேற்ப ஒவ்வொன்றாக வெட்டிய ஓடுகளால் அடிவரியை நிரப்புகின்றார். தரையின் கோணல் முழுவதையும் அடிவரி ஏற்றுக்கொள்கின்றது; அதன் மேலுள்ள வரிகள் நேராக நிற்கின்றன. (சமூக அமைப்புக்கு உவமை கூற இது வாய்ப்பானதே, அந்த ஆசையை இங்கு அடக்கிக்கொள்கின்றோம்.)

வெட்டுத்துண்டு எங்கே ஒதுங்கும் என்பதற்கும் மரபு உண்டு. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவருக்கு முழு ஓடு. கதவின் பின்புறத்துக்கும் மூலைக்கும் துண்டு. வெட்டிய விளிம்பு மூலையை நோக்கியே இருக்க வேண்டும். ஆகவே சுவரைத் திட்டமிடும் ஒவ்வொருவரும், 'இதனைப் பார்ப்பவர் யார்?' என்னும் வினாவுக்குத் தம்மையறியாமலே விடை சொல்லிவிடுகின்றனர்.

இவ்வெண்ணிக்கை முறை முழுவதும் ஒரு நிபந்தனையில் தங்கியுள்ளது. ஓடுகள் யாவும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஈரக் களிமண்ணிலிருந்து கையால் வார்க்கப்பட்ட ஓடு உலரும்போதும் சுடும்போதும் வெவ்வேறளவில் சுருங்கும். 1840இல் இங்கிலாந்தில் றிச்சர்ட் புறொசர் என்பார், ஏறத்தாழ உலர்ந்த களிமண் தூளை உலோக அச்சுகளிடையே அமுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்ரோக் நகரின் மின்ரன் நிறுவனம் இம்முறையை ஓடு செய்வதற்குப் பயன்படுத்திற்று. ஈரம் குறைவாதலின் சுருக்கமும் குறைந்தது. ஆறங்குல ஓடு ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வெளிவந்தது. நவீன இயந்திரத் தொழிலே சுவரை எண்ணத்தக்க பொருளாக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நோய்க்கிருமி பற்றிய அறிவு பரவியபோது, அழுக்கை மறைக்காது காட்டும் வெண்ணிற ஓடு சுகாதாரத்தின் அடையாளமாயிற்று. 1900இல் திறக்கப்பட்ட பாரிஸ் நிலக்கீழ் இரயில் நிலையங்களும், 1904இல் திறக்கப்பட்ட நியூயோர்க் நிலக்கீழ் இரயில் நிலையங்களும் வெள்ளை ஓட்டால் போர்த்தப்பட்டமை இச்சூழலிலேயே.

தமிழர் வீட்டுக்குள் இவ்வோடு முதலில் நுழைந்தது குளியலறை வழியாக அன்று. கொழும்பு செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார், செட்டிநாட்டில் எழுப்பிய மாளிகைகளில் இங்கிலாந்திலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்த வண்ண ஓடுகளை முகப்பிலும் வளவிலும் பதித்தனர். விருந்தினர் காணத்தக்க இடங்கள் அவை. கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கு அத்தகைய அலங்காரம் வேண்டப்படவில்லை. முன்புறத்தில் செல்வத்தைக் காட்டிய அதே பொருள் பின்புறத்துக்கு வந்து சேர்வதற்கு நகரத்தின் நிலத்தடியில் வேறொரு மாற்றம் நிகழ வேண்டியிருந்தது.

கிணற்றடியும் பின் ஒழுங்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளித்தல் என்பது கிணற்றடிக்குரிய செயல். கிடுகு அல்லது பனையோலை மறைப்பே சுவர். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. நீருக்கும் உடலுக்கும் இடையே இருந்த தடை சுவர் வடிவில் இருக்கவில்லை என்பதற்காக, அங்கே தடையே இல்லை என்று கூறிவிட முடியாது.

கொழும்பின் நிலை வேறு. 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் மாநகர சபை அமைக்கப்பட்டது. 1880களில் லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய்நீர் வந்தது. நீர் உள்ளே வந்ததே தவிர, கழிவு வெளியேறும் வழி அமையப் பல்லாண்டுகள் சென்றன. நிலத்தடிக் கழிவுக்குழாய்த் திட்டம் இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலேயே கட்டப்பட்டது. அதுவும் நகரின் ஒரு பகுதிக்கே. அதுவரையும், அதன் பின்னரும் நெடுங்காலம் பல பகுதிகளில், வாளிக் கக்கூசுகளே வழக்கிலிருந்தன. வாளியை எடுப்பதற்கென்று வீட்டுக் காணிகளின் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கைகள் விடப்பட்டன. மலசலகூடமும் குளியலறையும் வீட்டின் பின்மூலையில், சில வீடுகளில் முற்றத்துக்கு அப்பால் தனிக்கட்டிடமாக, அமைந்தமைக்கு இவ்வொழுங்கையே முதன்மையான காரணம். சமய ஆசாரமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படும். அது ஒரு பகுதி உண்மை. வாளி தூக்குவோர் வீட்டினுள் கால் வைக்காதவாறு வீட்டுப்படம் வரையப்பட்டது என்பதே முழு உண்மைக்கு அண்மையானது.

அவ்வாளியைத் தூக்கியோர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட, சாதியமைப்பின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட மக்கள். மாநகர சபையின் தொழிலாளராகிக் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுள் பலரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. கொழும்புத் தமிழரின் வரலாறு என்று எழுதப்படுவனவற்றுள் சட்டத்தரணிகளும் வணிகரும் பெறும் இடத்தில் ஒரு சிறுபங்கேனும் இவர்களுக்குக் கிடைத்ததில்லை. நகரின் ஒவ்வொரு வீட்டையும் பின்புறத்திலிருந்து அறிந்திருந்தவர்கள் இவர்களே.

கொட்டாஞ்சேனை இம்மாற்றங்களைத் தெளிவாகக் காட்டும் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவும் முகத்துவாரமும் செல்வந்தரின் வாழிடங்களாக இருந்தன. 1875இல் தொடங்கிய துறைமுக அலைதாங்கி அணையின் முதற்பகுதி 1885இல் நிறைவுற்றபின், துறைமுகமும் பண்டகசாலைகளும் வளர்ந்தன. செல்வர் தெற்கே கறுவாத்தோட்டம் நோக்கி நகர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பெருவளவுகளில் வரிசை வரிசையாகக் குடியிருப்புக் கூடங்கள் எழுந்தன. 'தோட்டம்' என்று வழங்கும் இக்குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக்குழாய். ஆண்கள் துண்டோடும் பெண்கள் குறுக்குக்கட்டோடும் திறந்தவெளியிலேயே குளித்தனர். விடியுமுன் வரிசையில் நின்று வாளி நிரப்புதல் பெண்களின் ஊதியமற்ற உழைப்பின் ஒரு பகுதியாயிற்று. சுவர் என்னும் பொருள் இங்கே இல்லாமையாலேயே வரலாற்றில் இடம்பெறுகின்றது.

1914இல் கொழும்பைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து, 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டிடங்களுக்கிடையே வெளி, காற்று, வெளிச்சம், வீட்டுக்குப் பின்னால் திறந்த நிலம் ஆகியவற்றை அது வற்புறுத்திற்று. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்பு பற்றித் தம் அறிக்கையை அளித்தார். தமிழக நகர்களிலும் ஆய்வு செய்த அவர், பழைய குடியிருப்புகளை மொத்தமாக இடித்துத் தள்ளுவதை எதிர்த்து, சிறு சிறு திருத்தங்களால் சீர்செய்வதையே விரும்பியவர். அவர் விரும்பியவாறு தோட்டங்களுக்குள் திருத்தம் சென்றடையவில்லை. சட்டம் புதிதாகக் கட்டுவோரையே ஒழுங்குபடுத்திற்று. புதிதாகக் கட்டுவோர் பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினர். அவர்கள் கட்டிய இடங்களுள் ஒன்று வெள்ளவத்தை.

நாலடி உயரம்

வெள்ளவத்தையின் இரு முகங்களை நாம் ஒருங்கே நினைவில் வைத்தல் வேண்டும். ஒன்று, நூற்பு நெசவு ஆலையும் அதன் தொழிலாளரும். மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் பணிபுரிந்த அவ்வாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தம், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகளின் முதற் களமாயிற்று. மற்றையது, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடு கட்டியும் வாடகைக்கு இருந்தும் வாழ்ந்த அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், வணிகர். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைகொண்டமை இக்குடிப்பரம்பலோடு தொடர்புடையது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இம்மத்தியதர வர்க்கத்தினர் கிணற்றடிப் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். குளியலறையின் ஒரு மூலையில் சீமெந்துத் தொட்டி. அதில் குழாய்நீர் நிரம்பும். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவர். இவ்வாறு குளிக்கும்போது நீர் சுவரில் எவ்வளவு உயரம் தெறிக்கும்? பெரும்பாலும் இடுப்புக்குச் சற்று மேல். எனவே சுவரைப் பாதுகாக்கும் வழவழப்பான பூச்சு ஏறத்தாழ நாலடி உயரத்தோடு நின்றது. ஆறங்குல ஓடு என்றால் எட்டு வரிகள். மேல்வரிக்கு விளிம்பு வளைந்த ஓடு. அதற்கு மேலே சுண்ணாம்பு. நாலடி என்பது யாரோ ஒரு கட்டிடக் கலைஞரின் அழகியல் முடிவு என்பதிலும், வாளியால் குளித்த உடல் சுவரில் வரைந்த கோடு எனக் கொள்வதே பொருந்தும்.

அந்த நாலடியும் பல வீடுகளில் பீங்கான் ஓடாக இருக்கவில்லை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்து கைக்கெட்டும் பொருளாக இருந்தது. தேய்த்து மினுக்கிய சீமெந்துப் பூச்சே சுவரின் கீழ்ப்பகுதிக்கு, சிவப்புச் சீமெந்தே தரைக்கு. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான கூட்டு முன்னணி ஆட்சிக்காலத்தில் அது உச்சத்தை அடைந்தது. உணவுக்கே செலாவணி போதாத நாட்டில் குளியலறை ஓட்டுக்கு இடமிருக்க முடியாது. இருந்த ஓடுகளைப் பங்கிட்டு, தொட்டியைச் சூழ மட்டும் பதித்து, எஞ்சிய சுவரைச் சீமெந்தால் முடித்த சுவர் அக்காலத்தின் நேர்மையான ஆவணம். வெட்டுத்துண்டுகளை வீசாது சேர்த்து வைத்து, பின் அடுப்படிக்குப் பயன்படுத்திய சிக்கனமும் அக்காலத்துக்குரியதே.

அக்கட்டுப்பாட்டின் மற்றொரு விளைவையும் கூறாதுவிடுதல் நியாயமன்று. 1955இல் அமைந்த அரச மட்பாண்டக் கூட்டுத்தாபனம் நாட்டின் மூலவளங்களைக் கொண்டு பீங்கான் தொழிலை வளர்த்தது. பொரலஸ்கமுவையின் வெண்களி, நாத்தாண்டியாவின் சிலிக்கா மணல், மாத்தளைப் பகுதியின் பெல்ஸ்பார் ஆகியவை அடித்தளமாயின. 1975இல் லங்கா வோல்டைல்ஸ் நிறுவனம் உருவாகி, பலாங்கொடையில் சுவர் ஓடு செய்யும் தொழிற்சாலையை அமைத்தது. தரை ஓட்டுக்கான நிறுவனம் 1984இல் தோன்றி றணாலையில் தொழிற்சாலை கண்டது. 1990இல் றோயல் செரமிக்ஸ் வந்தது. மூடிய பொருளாதாரத்தின் கடைசி ஆண்டுகளில் இடப்பட்ட வித்து, திறந்த பொருளாதாரத்தின் கட்டிடப் பெருக்கத்திலே அறுவடையாயிற்று. இரு கொள்கைகளுள் எது தொழிலை வளர்த்தது என்னும் விவாதத்தில் ஈடுபடுவோர், ஒன்றின் பயனை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுதல் வழக்கமாகிவிட்டது.

ஏழடியும் அதற்கப்பாலும்

1977ஆம் ஆண்டின் இறுதியில் இறக்குமதி தாராளமயமாக்கப்பட்டது. பழைய சோனகத் தெருவின் கட்டிடப்பொருட் கடைகளில் குழாயும் ஷவரும் ஓடும் மீண்டும் நிறைந்தன. கூரைமேல் நீர்த்தாங்கி வைக்கும் வழக்கம் பரவியதும் மேலிருந்து நீர் பொழிவதற்கு வேண்டிய அழுத்தம் வீட்டிலேயே கிடைத்தது. ஷவரின் கீழ் நின்று குளிப்போரின் தலைக்கு மேலிருந்தே சுவர் நனைகின்றது. நாலடி போதாது, ஓடு ஏழடிக்கு, அதாவது கதவுநிலையின் மேல்விளிம்பு மட்டத்துக்கு, ஏறிற்று. எட்டங்குல அகலமும் பன்னிரண்டங்குல உயரமும் உள்ள ஓடு வழக்கிற்கு வந்தபோது ஏழடி சரியாக ஏழு வரியாயிற்று. அதன்பின் வந்த இரண்டடி உயர ஓட்டுக்கு ஏழடி மூன்றரை வரியாகும். அரைவரி வருவதைத் தவிர்ப்பதற்கு ஓட்டைக் கூரைத்தட்டு வரை கொண்டுசென்று முடிப்பதே எளிதாயிற்று. உயரத்தைத் தீர்மானிக்கும் உரிமை உடலின் பயன்பாட்டிலிருந்து தொழிற்சாலையின் அச்சுக்கு மாறிவிட்டது.

1983 யூலையில் வெள்ளவத்தையின் தமிழர் வீடுகள் பல எரிக்கப்பட்டன. உயிரிழப்பையும் அகதிவாழ்வையும் பேசும் வரலாற்றில் சுவர்களைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றக்கூடும். எனினும் அவ்வீடுகள் எரிந்தபோதும், உரிமையாளர் நாட்டைவிட்டு நீங்கக் காணிகள் கைமாறியபோதும், ஒரு வர்க்கத்தின் வாழ்க்கைமுறைக்கான சான்றுகளும் உடன் அழிந்தன. 1990களிலிருந்து அக்காணிகளில் தொடர்மாடிகள் எழுந்தன. வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்தோரின் தேவையும், புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணமும் அவற்றுக்கு அடிப்படை. மாடி வீட்டைத் தனிச்சொத்தாக்கும் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அது இயற்றப்பட்ட காலத்தில் எவரும் எதிர்பாராத அளவில் இங்கு பயன்பட்டது.

தொடர்மாடியில் பின்புறம் என்று ஒன்று இல்லை. குளியலறை படுக்கையறையோடு ஒட்டிக்கொண்டது. பின் ஒழுங்கை சுவரினுள் குழாயாகச் சுருங்கியது. வாளி தூக்குவோர் கண்ணிலிருந்து மறைந்தனர். அடைத்த குழியில் இறங்குவோர் இன்றும் பெரும்பாலும் அதே சமூகத்தினரே. விருந்தினரும் பயன்படுத்தும் அறையாகிவிட்டபடியால், கதவுக்கு நேரான சுவர் செட்டிநாட்டு முகப்பின் பணியை ஓரளவு ஏற்றுக்கொண்டது. இன்னொரு மாற்றம் இதனிலும் முக்கியமானது. தனிவீட்டில் சுவர் ஒழுகினால் நட்டம் தனக்கே. மாடியில் ஒழுகினால் கீழ்வீட்டாரின் கூரைத்தட்டு நனையும். பீங்கான் ஓடு நீரைத் தடுக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஓட்டின் மினுக்குப் பூச்சு தடுக்கும். பொருத்துகள் முற்றாகத் தடுப்பதில்லை. ஓட்டின் பின்னால் இடப்படும் நீர்காப்புப் படையே உண்மையான சுவர். கண்ணுக்குத் தெரியாத அப்படையில் செலவைக் குறைத்து, கண்ணுக்குத் தெரியும் ஓட்டில் செலவிடுதல் விற்பனைக்காகக் கட்டுவோரின் இயல்பு. விற்பவர் கையெழுத்திட்டுச் சென்றபின் எழும் வழக்கு, மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் இடையிலானதாக மாறிவிடுகின்றது.

தோட்டங்களின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளர் பலரை உரிமையாளராக்கியது. அதே ஆண்டில் பொது வசதிகள் சபையும் அமைக்கப்பட்டது. பொதுக்குழாயையும் பொது மலசலகூடத்தையும் மேம்படுத்துதல் அக்காலத்துச் சீர்திருத்தத்தின் எல்லையாக இருந்தது. வீட்டினுள் தனிக் குளியலறை என்பது அதன் கற்பனைக்கு அப்பாற்பட்டது. 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோட்டவாசிகளைத் தெமட்டகொடை போன்ற இடங்களின் உயர்மாடிகளுக்கு நகர்த்தத் தொடங்கியபோது, ஓடு பதித்த தனிக் குளியலறை அவர்களுக்கும் கிடைத்தது. மக்கள் வேண்டிய வசதியே அது. அதைப் பழித்தல் வசதியுள்ளோரின் ஏளனமாகவே முடியும். ஆனால் அறையின் அளவையும் தொட்டிக்கு இடம் உண்டா இல்லையா என்பதையும் குடியிருப்போரிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

2020இல் செலாவணி நெருக்கடியினால் ஓடு இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. ஒரு தொகுதி ஓட்டுக்கும் மற்றொரு தொகுதிக்கும் இடையே நிறத்திலும் அளவிலும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். ஆதலால் ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தொகுதியில் வாங்குவதே முறை. இறக்குமதி ஓட்டால் தொடங்கிய சுவருக்குச் சில வரிகள் குறைந்துவிட்டால், அதே ஓட்டைத் தேடிப் பெறுதல் அரிதாயிற்று. வேறு ஓட்டைக் கொண்டு கரைவரி அமைத்து, குறையை அலங்காரமாக்கும் பழைய உத்தி பாஸ்மாருக்கு மீண்டும் கைகொடுத்தது.

பாஸின் நிலையே நாம் இறுதியாகக் கவனிக்க விரும்புவது. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட உழைப்பும் ஏகபோக மூலதனமும் பற்றிய நூலில், முதலாளித்துவ உற்பத்தி திட்டமிடுதலையும் செய்தலையும் பிரித்து, முன்னதைத் தொழிலாளியின் கையிலிருந்து அகற்றுகின்றது என்று வாதிட்டார். ஓடு பதித்தலில் இப்பிரிப்பு நம் கண்முன்னே நிகழ்கின்றது. காலி வீதியின் காட்சிக்கூடங்களில் இன்று கணினித்திரையில் சுவர் வரையப்படுகின்றது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகின்றது. நீர்மட்டக் குழாயின் இடத்தில் ஒளிக்கற்றைக் கருவியும், வெட்டும் அலகின் இடத்தில் மின்வாளும் வந்துள்ளன. பாஸுக்கு அச்சிட்ட படம் ஒன்று கொடுக்கப்படுகின்றது. கூலியும் சதுர அடிக் கணக்கில் தரப்படுகின்றது. சிந்தித்த நேரத்துக்குக் கூலி இல்லை.

ஆயினும் பிறேவர்மனின் முடிவை அப்படியே இங்கு பொருத்துவதில் எமக்குத் தயக்கமுண்டு. கணினி வரையும் சுவர் நேரானது, மூலைகள் செங்கோணமானவை. கொட்டாஞ்சேனையின் பழைய சுவர் மேலே ஓரங்குலம் சரிந்திருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் புதிய சுவரும் பல இடங்களில் அப்படித்தான். படத்தின்படி மூலையில் நாலரை அங்குலமாக வரவேண்டிய துண்டு, சுவரின் அடியில் ஐந்தாகவும் மேலே நாலாகவும் வந்து நிற்கும். அவ்வேளையில் பாஸ் படத்தை மடித்து வைத்துவிட்டு, தூக்குக்குண்டை எடுத்து, பொருத்துகளை மயிரிழையளவு கூட்டியும் குறைத்தும் கோணலைப் பத்து வரிகளுக்குப் பகிர்ந்து விடுகின்றார். இவ்வறிவு எப்பாடநூலிலும் தமிழில் எழுதப்படவில்லை. குருவிடமிருந்து உதவியாளுக்குச் சுவரின் முன் நின்றபடியே கைமாறுகின்றது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒவ்வொரு மாதமும் பழைய வீடுகள் இடிக்கப்படுகின்றன. இடிக்குமுன் முகப்பைப் படமெடுப்போர் சிலர் உளர். பின்புறத்துக்குச் சென்று, தொட்டியின் அளவையும், ஓட்டு வரிகளின் எண்ணிக்கையையும், வெட்டுத்துண்டு எந்த மூலையில் ஒதுங்கியுள்ளது என்பதையும் குறித்துக்கொள்வதற்கு ஓர் அளவுநாடாவும் அரைமணி நேரமும் போதும்.